கப்பல் நின்ற கால் மணி நேரம்

மொரீஷியஸின் போர்லூயித் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ஆறாம் நாள் காலையில் தெய்வானைக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று.

முதல் மூன்று நாளும் வாந்தியும் தலைசுற்றலுமாகக் கழிந்திருந்தன. நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் பெட்டியிலிருந்த துணி அத்தனையும் வெளியே எடுத்து, உதறி, மடித்து, இருந்தபடியே திரும்ப வைத்தாள். ஆறாம் நாள் தரையைத் துடைக்கலாம் என்று குனிந்தபோது, கப்பல் சிப்பந்தி ஃபிலிப் வந்து துணியை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டான்.

"மதாம், இது என் வேலை. மேலே போய் உட்காருங்க. இன்னைக்குக் கடல் படுத்துக் கிடக்குது" என்றான். ஃபிலிப் மொரீஷியஸ்காரன், பேசியது தீவில் எல்லோரும் பேசும் கிரியோல். புரியாததுபோல் நடிக்கவும் அவளுக்கு வழியில்லை.

தெய்வானைக்கு அப்போது ஐம்பத்துநாலு வயது. பாம்பூவில் அவளுக்கும் அவள் கணவர் விநாயகத்துக்கும் பதினாலு ஆர்ப்பான் கரும்பு இருந்தது. ஆர்ப்பான் என்றால் கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். வாங்கும்போது அதில் பாதி கருங்கல். அந்தக் கல்லைப் பெயர்த்து, கூடையில் சுமந்து, ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாக அடுக்கியதில் தெய்வானையின் பங்கு விநாயகத்தின் பங்குக்குக் குறைந்ததல்ல. விடியும் முன் மாடு கறந்து, ஆறு பேருக்குச் சமைத்து, களைக்கொட்டோடு வயலுக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பி, விறகு பிளந்து என்று நாற்பது வருஷம் ஓடியிருந்தது. உலகச் சண்டை முடிந்த கையோடு சர்க்கரை விலை ஒரேயடியாக ஏறியது. அந்தத் தீவின் சின்னத் தோட்டக்காரர்கள் பலர் வாழ்க்கையில் முதல்முறையாக நிமிர்ந்து நின்றார்கள். விநாயகம் இந்தியா போக வேண்டும் என்றார்.

அவர் தீவிலேயே, தேர் ரூஜில் பிறந்தவர். மதுரையையும் ராமேஸ்வரத்தையும் பழனியையும் பாட்டிலும் படத்திலும்தான் தெரியும். கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு. தெய்வானையோ இந்தியாவில் பிறந்து, ஆறு வயதில் பாய்மரக் கப்பலில் வந்து இறங்கியவள். அவளுக்கு அந்த ஏக்கம் இல்லை. பசு சினையாக இருக்கிறது என்றாள், மகளுக்குப் பேறுகாலம் என்றாள். 1921 டிசம்பரில், கரும்பு அறுப்பு முடிந்ததும், பசுவும் ஈன்று மகளும் பெற்றெடுத்துவிட, சொல்வதற்கு ஒரு காரணமும் மிஞ்சவில்லை.

அவளுக்குத் தண்ணீர் பயம் என்று விநாயகம் நினைத்தார். பாம்பூவில் அவர்கள் வீட்டுக் கொல்லையில் நின்றால் மேற்கே கடல் தெரியும். தெய்வானை துணி உலர்த்தும் கொடியை மலைப் பக்கமாகத்தான் கட்டியிருந்தாள். கொல்லையில் நின்று கடலைப் பார்த்ததை யாரும் கண்டதில்லை.

இப்போது மேல்தளத்தில் ஒரு கித்தான் நாற்காலியில் அவளை உட்கார்த்தி வைத்திருந்தார்கள், சுற்றிலும் கடலைத் தவிர வேறு ஒன்றும் இல்லாமல். எண்ணெய் ஊற்றியதுபோல் அது பளபளவென்று அசையாமல் கிடந்தது. கப்பல் போன தடம் மட்டும் பின்னால் வெகுதூரம் நீண்டிருந்தது. சற்றுத் தள்ளி விநாயகம் மலாக்கா போகும் ஒரு சீன வியாபாரியோடு 'தாம்' ஆடிக்கொண்டிருந்தார். கறுப்பு வெள்ளைக் கட்டத்தில் காய் தாண்டும் அந்த ஆட்டத்தில் பாம்பூவில் அவரை ஜெயிக்க ஆளில்லை. சீனர் அவரை இரண்டு தடவை ஜெயித்துவிட்டார். விநாயகத்துக்கு அதிலும் சந்தோஷம்தான். அறுபது வயதில் அந்த மனிதர் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல் இருந்தார். மணி அடித்தால் சாப்பாடு, சாப்பிட்டால் தூக்கம், எழுந்தால் ஆட்டம்.

பக்கத்து நாற்காலியில் மதாம் மரி-ஆஞ் இருந்தாள். வக்குவாவிலிருந்து வருகிறவள், விதவை, கொழும்பில் தந்தி ஆபீஸில் வேலை பார்க்கும் மகன் ஜில்பேரைப் பார்க்கப் போகிறாள். கழுத்தில் சிலுவை. அவளுடைய தாத்தா புதுச்சேரியிலிருந்து வந்தவர். அந்த வழியில் அவளிடம் மிஞ்சியிருந்த தமிழ் சோறு, தண்ணி, சாமி என்ற மூன்று சொல்தான். மகனுக்கு மேசை விரிப்பு ஒன்று கொக்கி ஊசியால் பின்னிக்கொண்டிருந்தாள். தெய்வானை அந்த விரல்களையே பார்த்தாள். அவளுக்கு அந்த வேலை தெரியாது. தெரிந்திருந்தால் நல்லது என்று தோன்றியது. தன் இரண்டு கைகளும் மடியில் மல்லாந்து கிடந்தன. அவற்றைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவை மறுபடி மல்லாந்தன, எதையோ ஏந்திக்கொண்டிருப்பதுபோல்.

பத்து மணி இருக்கும். ஃபிலிப் விநாயகத்திடம் வந்து காதோடு ஏதோ சொன்னான். விநாயகம் காயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"கீழ்த்தளத்துல அந்தப் பெரியவர் போயிட்டாராம்" என்றார் தெய்வானையிடம். "சின்னன்னு சொன்னேனே, தேர் ரூஜ்காரர்."

கீழ்த்தளத்தில் கூலிக்கு வந்து காலம் முடிந்து ஊர் திரும்பும் கிழவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சின்னன் அவர்களில் ஒருவர். நாற்பத்தொரு வருஷம் தீவில் கரும்பு வெட்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். முந்தின நாள் விநாயகம் கீழே போய் அவரோடு வெகுநேரம் பேசிவிட்டு வந்து, விழுப்புரத்துப் பக்கம் அவருக்கு ஒரு தங்கை இருக்கிறாளாம் என்று சொல்லியிருந்தார். கிளம்பும்போதே நெஞ்சு வலியோடு ஏறியவராம். விடியற்காலையில் உட்கார்ந்தபடியே உயிர் போய்விட்டது. கொழும்புக்கு இன்னும் மூன்று நாள். வெயிலோ கொளுத்துகிறது. பதினோரு மணிக்குக் கடலில் இறக்குவதாகக் கேப்டன் சொல்லிவிட்டார். செத்தவர் மதத்துக்காரர் யாராவது இரண்டு வார்த்தை சொல்வதென்றால் சொல்லலாம் என்று அவர் கேட்டனுப்பியிருந்தார்.

"நான் போய்ப் பாடுறேன்" என்றார் விநாயகம். பாம்பூ கோவிலில் காவடியின்போது பாடுகிறவர் அவர்தான். அறைக்குப் போய்க் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு இட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

தெய்வானை நாற்காலியை விட்டு எழவில்லை. மரி-ஆஞ்தான் அவள் முழங்கையைப் பிடித்துக் கம்பி ஓரம் அழைத்துப் போனாள். "வாங்க மதாம். சொந்தக்காரங்க இல்லாத ஆள். நாம பார்ப்போம்."

கீழே கித்தான் துணியில் தைத்து, காலடியில் இரும்பு கட்டி, ஒரு பலகையில் கிடத்தியிருந்தார்கள். கிழவர்கள் வட்டமாக நின்றார்கள். கேப்டன் தொப்பியைக் கழற்றினார். பிறகு, ஆறு நாளாக இரவும் பகலும் காலுக்கடியில் அதிர்ந்துகொண்டிருந்த என்ஜின் அடங்கிற்று. அந்த அதிர்வு ஒன்று இருந்ததே அது போனபிறகுதான் தெரிந்தது. கப்பல் கொஞ்ச தூரம் தானாக நழுவிப் போய், வேகம் குறைந்து, நின்றது.

அந்த அமைதியில் விநாயகத்தின் குரல் எழுந்தது. ஊரில் பாடுவதைவிட மெதுவாகப் பாடினார். பாட்டு முடிந்து பலகையைச் சாய்த்தார்கள். சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. தண்ணீரில் ஒரு வளையம் விரிந்து விரிந்து கப்பலின் பக்கவாட்டில் வந்து தொட்டது. அது கலையும்வரை கேப்டன் காத்திருந்தார்.

மரி-ஆஞ் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஒரு ஏழைக் கிழவருக்காக இவ்வளவு பெரிய கப்பலை நிறுத்தியிருக்காங்க. நல்ல மனுஷங்க" என்றாள்.

"என் தம்பிக்கு நிறுத்தல" என்றாள் தெய்வானை.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து அது வந்ததை உணர்ந்தாள். கிரியோலில் வந்திருந்தது. தமிழில் அதை அவள் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாள். தமிழ் அம்மாவிடம் பேசிய மொழி. கிரியோல் கடைக்காரனிடமும் ஆலையில் கரும்பு நிறுக்கிறவனிடமும் பேசிய மொழி. அதில் எதையும் சொல்லிவிட முடிந்தது.

மரி-ஆஞ் அவளை நாற்காலிக்குத் திருப்பி அழைத்து வந்தாள். பின்னலைக் கையில் எடுக்கவில்லை. என்ஜின் மறுபடி ஓடத் தொடங்கியது. தெய்வானை கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அவளை ஏற்றி வந்த பாய்மரக் கப்பல் அது. அப்பா, அம்மா அலமேலு, அவள், ஏழு மாதத் தம்பி வேலாயுதம். தம்பிக்கு வயிற்றுப்போக்கு. ஒருநாள் காலையில் அம்மா அவனைத் தன் பழைய புடவையில் சுற்றி, தளத்தில் பாயின் நிழலில் உட்கார்ந்திருந்த தெய்வானையின் மடியில் வைத்தாள். தூங்குறான், எழுப்பாதே என்றாள். வெயில் படாமல் முகத்தை மூடி வைத்துக்கொள், யார் கேட்டாலும் தூங்குகிறான் என்று சொல் என்றாள். தெய்வானை அப்படியே செய்தாள். துணி விலகும்போதெல்லாம் இழுத்து இழுத்து மூடினாள். கால் மரத்துப்போனது, அசையவில்லை. ஒரு பெண் வந்து கேட்டாள், தூங்குகிறான் என்றாள். சாயங்காலம் கப்பல் வைத்தியரின் ஆள் வந்து துணியை விலக்கிப் பார்த்தான். பிள்ளை செத்துக் கிடந்தது. அன்றைக்கு நல்ல காற்று. பாய் எல்லாம் உப்பி, கப்பல் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடுகிற கப்பலிலிருந்தே போட்டுவிட்டார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த இடம் எங்கேயோ போய்விட்டது.

"நான்தான் மூச்சை அடைச்சிட்டேன் மதாம்" என்றாள் தெய்வானை. "இறுக்கி மூடினேன். அழ விடல அவனை."

"ஆறு வயசுப் பிள்ளை நீங்க."

"எனக்கு நாலு பிள்ளைங்க. ஒண்ணைக்கூட முகத்தை மூடிப் படுக்க வச்சதில்ல, கொசு கடிச்சாலும் சரின்னு. ஏன்னு என் மருமகளுங்க கேட்பாங்க. புழுக்கம்னு சொல்வேன்."

"உங்க அம்மா திட்டினாங்களா?"

"ஒரு வார்த்தை சொல்லல. சாகிற வரைக்கும் தம்பி பேரையே எடுக்கல. திட்டியிருந்தாலாவது பரவாயில்ல."

மரி-ஆஞ் அவள் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். பிறகு, "உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"என்கிட்ட சொல்லிட்டீங்க. நான் மூணு நாளுல இறங்கிப் போயிடுவேன். அவர்கிட்டயும் சொல்லுங்க."

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தெய்வானை போகவில்லை. விநாயகம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, நாலு மணிக்குத் தேநீர்க் கோப்பை இரண்டையும் தானே தூக்கிக்கொண்டு வந்தார். காலையில் பாடிய பாட்டின் சோர்வு இன்னும் முகத்தில் இருந்தது. பெரியவரின் மூட்டையைத் தன்னிடம் கொடுத்துவிட்டார்கள், தங்கையைத் தேடிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டேன் என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு தமிழில், தடுமாறித் தடுமாறி, காலையில் மரி-ஆஞ்சிடம் சொன்னதில் பாதியைத்தான் சொன்னாள். முகத்தை இறுக்கி மூடியது நான்தான் என்பதற்கு மேல் போக முடியவில்லை.

விநாயகம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உனக்கு அது ஞாபகம் இருக்குன்னு எனக்குத் தெரியாது தெய்வானை" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அம்மா சொன்னாங்க. கடைசியா படுக்கையில கிடந்தாங்களே, அப்போ. நீ வயலுக்குப் போயிருந்த நேரம்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீ நினைக்கிற மாதிரி இல்லம்மா. உன் மடியில வைக்கும்போதே பிள்ளை இல்ல. விடியும் முன்னாடியே போயிடுச்சாம். தெரிஞ்சா உடனே வாங்கித் தண்ணியில போட்டுடுவாங்கன்னு, ஒரு பகலாவது கூட இருக்கட்டும்னு மறைச்சு வச்சிருக்காங்க. அவங்க கையில இருந்தா அழுது காட்டிக் குடுத்துடுவாங்க. அதான் உன்கிட்ட குடுத்தாங்க. பெரிய மனுஷங்களைச் சந்தேகப்படுறவன் குழந்தையைச் சந்தேகப்பட மாட்டான்னு."

கப்பலின் நிழல் கிழக்கே நீண்டு தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ எங்கேயோ சிரித்தார்கள். தெய்வானை தன் கைகளைப் பார்த்தாள்.

"செத்த பிள்ளையவா நான் வச்சிட்டிருந்தேன்" என்றாள்.

"அதுதான் அவங்களை அரிச்சுக்கிட்டே இருந்திருக்கு. 'உயிரோட இருக்கிற பிள்ளை மடியில செத்த பிள்ளைய வச்சேன் மாப்பிள்ளை, அவ ஒண்ணும் அறியாம தாலாட்டுப் பாடிட்டிருந்தா'ன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. உனக்கு மறந்துபோச்சுன்னு நினைச்சாங்க. நீ ஒருநாளும் கேட்டதில்லையாம். நினைவுபடுத்திடாதீங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க."

"பன்னிரண்டு வருஷம்."

"ஆமா."

"பன்னிரண்டு வருஷம் பக்கத்துலயே இருந்திருக்கீங்க, சொல்லல."

மறந்ததை எதற்குக் கிளற வேண்டும் என்றுதான் இருந்தேன் என்று விநாயகம் ஆரம்பித்து, நடுவிலேயே நிறுத்திவிட்டார்.

தெய்வானை எழுந்து கப்பலின் பின்பக்கம் போய்த் தனியாக நின்றாள். நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியிருக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது. தான் கொல்லவில்லை. அந்த ஒன்று போதும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். ஆனால் இறங்கிய இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே கூரைக்குக் கீழ் முப்பத்தாறு வருஷம் அம்மாவும் அவளும் புழங்கியிருக்கிறார்கள். ஒரே உலக்கையை மாற்றி மாற்றிப் பிடித்திருக்கிறார்கள். அம்மாவின் காலை அவள் அமுக்கிவிட்டிருக்கிறாள். இருவரும் ஒரே பகலை நினைத்துக்கொண்டு, மற்றவள் மறந்துவிட்டாள் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இருவரில் யாராவது ஒருத்தி ஒரு தடவை வேலாயுதம் என்று சொல்லியிருந்தால் போதும்.

அப்புறம் அந்தக் காலைப்பொழுது வேறுமாதிரி நினைவில் எழுந்தது. தான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே, பத்தடி தள்ளி, அம்மா முதுகைக் காட்டியபடி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பிள்ளையைத் திரும்பிப் பார்க்காத தாயும் உண்டா என்று இத்தனை காலம் அதையும் ஒரு குறையாக வைத்திருந்தாள் தெய்வானை. முப்பது வயதுகூட ஆகாதவள் அந்த அம்மா. திரும்பினால் அழுதுவிடுவாள், அழுதால் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பகல் முழுவதும் கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பதற்கு என்ன பாடு பட்டிருப்பாள்.

தெய்வானை அழுதாள். ஐம்பத்துநாலு வயதுப் பெண் அழுவதுபோல் அழாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதாள். ஃபிலிப் அந்தப் பக்கம் வந்தவன் ஒரு நாற்காலியைச் சத்தமில்லாமல் அருகில் வைத்துவிட்டுப் போனான்.

பொழுது சாய்கிற நேரம் விநாயகம் வந்து நின்றார்.

"எம்மேல கோபமா?"

"ஆமா."

"உங்க அம்மா மேல?"

"இருக்கு. போயிடும்னு நினைக்கிறேன். கொஞ்ச நாள் குடுங்க."

"சரி" என்றார் அவர். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டு மணி அடித்தபோது இருவரும் சேர்ந்துதான் போனார்கள்.

கொழும்பில் மரி-ஆஞ் இறங்கினாள். துறையில் வெள்ளைக் கால்சட்டையில் நின்றிருந்த மகனிடம் தெய்வானையைக் காட்டி ஏதோ சொன்னாள். இரு பெண்களும் கன்னத்தில் கன்னம் வைத்து விடைபெற்றார்கள். அதன்பிறகு அவர்கள் சந்தித்துக்கொண்டதில்லை.

ராமேஸ்வரத்தில் விநாயகம் தன் தாய் தகப்பனுக்குச் சடங்கு செய்தார். சாஸ்திரிகள் பெயர்களைக் கேட்டபோது தெய்வானை முன்னால் வந்து, அலமேலு, வேலாயுதம் என்று இரண்டு பெயர் கொடுத்தாள். ஏழு மாதப் பிள்ளைக்கு இந்தச் சடங்கு கிடையாது என்றார் அவர். அப்படியானால் சடங்கு வேண்டாம், பெயரை மட்டும் சொல்லுங்கள் என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

விழுப்புரத்துப் பக்கம் நாலு நாள் மாட்டுவண்டியில் அலைந்து சின்னனின் தங்கையைக் கண்டுபிடித்தார்கள். பல்லெல்லாம் போன கிழவி. அண்ணன் புறப்பட்டதும் தெரியாது, செத்ததும் தெரியாது. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பிரிக்காமலே தடவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. காரியம் எப்படிச் செய்தார்கள் என்று மட்டும் கேட்டாள். விநாயகம் சொல்ல வாயெடுத்தார். தெய்வானை அவரைத் தடுத்து, தானே கிழவியின் எதிரில் உட்கார்ந்து, என்ஜின் அடங்கியதிலிருந்து தண்ணீரில் வளையம் கலைந்தது வரை ஒன்றையும் விடாமல் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, இரும்பு கட்டியதைக்கூட. கிழவி ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினாள்.

மே மாதம் பாம்பூ திரும்பினார்கள். அதற்குள் சர்க்கரை விலை விழுந்திருந்தது. விநாயகம் மறுபடி விடியும் முன் எழுந்தார், தெய்வானையும் எழுந்தாள். பிறகு பதின்மூன்று வருஷம் இருந்தாள். கடல் தெரியும் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகை போடுவதா என்று மகன் கேட்டபோது, வேண்டாம், அந்தப் பக்கம் திறந்தே இருக்கட்டும் என்றாளாம்.

அவர்கள் திரும்பிய வருஷம் அலமேலுவின் திதி வந்தது. எப்போதும் ஒரு வாழை இலை போடுகிற இடத்தில் தெய்வானை இரண்டு இலை போட்டாள். இரண்டாவது சின்ன இலை. அதில் சோற்றோடு ஒரு கிண்ணம் பால் வைத்தாள். பெரிய மகன் திருவேங்கடம் அப்போது மூன்று பிள்ளைக்குத் தகப்பன். இது யாருக்கு என்று கேட்டான்.

"உன் மாமனுக்கு" என்றாள் தெய்வானை. "உட்காரு, சொல்றேன்."

மருமகள்களும் அடுப்படியை விட்டு வந்து உட்கார்ந்தார்கள். அன்று அவள் தமிழில்தான் சொன்னாள், முழுவதையும் சொன்னாள். அவள் நிறுத்திய இடங்களில் விநாயகம் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட வெகுநேரம் ஆயிற்று.